மருத்துவமனைக்கு இன்னும் 60 படுக்கை: மனுவில் கையெழுத்திடும் முன் கொஞ்சம் பேசுவோம்

வேலிப்பூ எழுதியது:

குடியிருப்போர் சங்கத்தின் மனுவை வாசித்தேன். நம் ஓய்வுக்காலக் குடியிருப்பின் மருத்துவமனைக்கு மேலும் 60 படுக்கை வேண்டும் என்பது மட்டுமே அதன் கோரிக்கை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தைச் சொல்ல, என் மனைவிக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு வயது 79. குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது, இடுப்பில் அடி. வீட்டிலிருந்து வண்டிவரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். அவசரப் பிரிவில் 22 மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள், அதுவும் நடைபாதையில். உள்ளே வார்டில் இடமில்லை என்றார்கள்.

சேர்த்துக்கொண்டபோது அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் எழுதி, ஸ்ட்ரெச்சருக்குக் கீழே வைத்தார்கள். தொலைந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று இரவு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் போனால், கையில் ஏற்றியிருந்த சலைன் ஊசியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறாள் என்று கையில் துணி சுற்றியிருந்தது. தூங்க மருந்து கொடுத்திருந்தார்கள். குறிப்பேட்டில் 'மறதிநோய் இருக்கலாம்' என்று ஒரு வரி. முந்தின நாள்வரை வீட்டுக் கணக்கை எழுதி வைத்தவள் அவள்.

குனிந்து அந்தப் பையை எடுத்தேன். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டினேன். காதுக்கருவியைப் பொருத்தினேன். என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏன் இங்கே யாருமே என்னோடு பேசவில்லை?"

இரவெல்லாம் பேசியிருக்கிறார்கள். அவள் காதில் விழவில்லை.

முழுத் தெளிவு வர மூன்று நாள் ஆனது. அதற்குள் சிறுநீர்க் குழாய் செருகி, அதை ஐந்தாம் நாள்வரை யாரும் எடுக்காமல், தொற்று வந்து காய்ச்சல். 11 நாள் கழித்துச் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினாள். நடந்து போனவள்.

60 படுக்கை இருந்திருந்தால் நடைபாதைக் காத்திருப்பு குறைந்திருக்கலாம். மற்ற எதுவும் மாறியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சொல்வது தவறென்றால் திருத்துங்கள்.

கல்தூண் எழுதியது:

ஐயா, மனுவை எழுதியவர்களில் நானும் ஒருவன். உங்கள் மனைவிக்கு நேர்ந்தது பெரிய கொடுமை. ஆனாலும் படுக்கைக் கோரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் புதுத் தெரு திறக்கிறார்கள். வீடு விற்கும் விளம்பரத்தில் மருத்துவமனையின் படத்தைப் போடுகிறார்கள். அந்தப் படத்தில் உள்ள கட்டடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் தி வில்லேஜஸ் என்ற ஓய்வுக்காலக் குடியிருப்பு 2010-க்கும் 2020-க்கும் இடையில் 39 சதவீதம் வளர்ந்தது. அந்தப் பத்தாண்டில் அந்நாட்டின் பெருநகரப் பகுதிகளிலேயே மிக வேகமாக வளர்ந்தது அதுதான். இப்படி வளரும் இடத்தில் முதலில் இடம் வேண்டும், பிறகு தரம். இடமே இல்லாத மருத்துவமனையில் எந்த நல்ல மருத்துவரும் நல்ல மருத்துவராக இருக்க முடியாது.

அளவுகோல் எழுதியது:

நான் ஆலையில் உற்பத்திப் பிரிவில் இருந்தவன், மருத்துவம் தெரியாது. வரிசை எப்படி உண்டாகிறது, எப்படிக் கரைகிறது என்பது மட்டும் தெரியும்.

100 படுக்கை உள்ள மருத்துவமனையில் ஒரு நோயாளி சராசரியாக 5 நாள் தங்கினால், நாளொன்றுக்கு 20 பேரைச் சேர்க்கலாம். தங்கும் காலம் நாலரை நாளாகக் குறைந்தால் 22 பேரைச் சேர்க்கலாம். 11 படுக்கை புதிதாகக் கட்டியதற்கு இது சமம். வேலிப்பூ ஐயாவின் மனைவி 11 நாள் இருந்தார். மனக்குழப்பமும் குழாய்த் தொற்றும் இல்லாமல் இருந்திருந்தால் ஐந்தாறு நாளில் வீடு திரும்பியிருப்பார். அப்படியென்றால் அவர் கடைசி ஐந்து நாள் படுத்திருந்த படுக்கைக்காக, கீழே நடைபாதையில் வேறொருவர் காத்திருந்தார். தரம் குறைந்ததால்தான் இடமும் குறைந்தது. கல்தூண் ஐயா இரண்டையும் தனித்தனியாக, ஒன்றுக்குப்பின் ஒன்றாக வைக்கிறார். என் கணக்கில் இரண்டும் ஒரே பொருள்.

அதே நேரம் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1999-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு, சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் படுக்கைகள் நிரம்பினாலே இடமில்லாமல் திணறும் நாட்கள் வரத் தொடங்கும் என்று காட்டியது. நோயாளிகள் நாளுக்கு இத்தனை பேர் என்று அளந்து வருவதில்லை. எனவே காலிப் படுக்கை வீண் செலவு ஆகாது.

இன்னொன்றையும் மனுவில் காணோம். இங்கே வளர்ச்சி இரண்டு வழியில் நடக்கிறது. புதுத் தெருக்களுக்கு 65 வயதுக்காரர்கள் வருகிறார்கள், அது கண்ணுக்குத் தெரிகிறது. பழைய தெருக்களில் 15 ஆண்டுக்கு முன் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக 80-ஐத் தொடுகிறோம், அது தெரிவதில்லை. வீட்டு எண்ணிக்கையை வைத்துத் திட்டமிட்டால் இது கணக்கில் வராது. முட்டி வலி, கண்புரை என்று போனவர்கள் இனி விழுந்து எலும்பு முறிந்தும், பத்து மருந்தோடும், மனக்குழப்பத்தோடும் போவோம்.

பழைய வார்டு எழுதியது:

வேலிப்பூ ஐயா, நான் 34 ஆண்டு செவிலியாக இருந்தேன், கடைசிப் பன்னிரண்டு ஆண்டு வார்டுப் பொறுப்பில். நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரியையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே செய்தும் இருக்கிறேன். கண்ணாடியைப் பையில் போட்டு முடிச்சுப் போடுவதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு.

உங்கள் மனைவிக்கு வந்தது டெலிரியம். திடீர் மனக்குழப்பம். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். இது மணிக்கணக்கில் வரும், கூடும், குறையும். மருத்துவமனையில் சேரும் முதியவர்களுக்கு மிக அடிக்கடி வரும் சிக்கல்களில் ஒன்று இது. அமைதியாகச் சுருண்டு படுத்துவிடும் வகையும் உண்டு. தொந்தரவு தராத நோயாளி என்று அவர்களை விட்டுவிடுவோம், அவர்கள்தான் அதிகம் கெட்டுப்போவார்கள்.

இதைத் தடுக்க முடியும். ஷாரன் இனோயே என்ற மருத்துவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு முறையை உருவாக்கினார். 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் செய்த அந்த ஆய்வு 1999-இல் வெளியானது. வழக்கமான பராமரிப்பில் 15 சதவீதம் பேருக்கு மனக்குழப்பம் வந்தது. அந்த முறையில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. புது மருந்து ஏதுமில்லை. இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள், உங்களைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று நாளுக்கு நாள் சொல்வது. கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது. எழுப்பி நடக்கவைப்பது. தண்ணீர் குடிக்கவைப்பது. இரவில் மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பானம், முதுகு தடவல், சத்தத்தைக் குறைத்தல். இவ்வளவுதான்.

நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2007-இல் வந்த ஓர் ஆய்வில், நோய் எதுவுமில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ கால் தசை போய்விட்டது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்த நிலை. நாங்களோ 'விழுந்துவிடுவார்' என்ற பயத்தில் படுக்கைக் கம்பியை உயர்த்தி வைத்துவிடுவோம். வார்டில் ஒருவர் விழுந்தால் விசாரணை உண்டு. படுத்தே கால் செத்துப்போனால் விசாரணை கிடையாது. எனவே படுக்கவைத்தோம்.

சிறுநீர்க் குழாய்க்கும் அதே கதைதான். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகும். காலையில் ரவுண்டு வரும்போது 'இந்தக் குழாய் இன்றைக்கும் வேண்டுமா?' என்று ஒருவர் கேட்டால் போதும். கேட்கும் பொறுப்பு யாருடையது என்று எழுதி வைக்காததால் யாரும் கேட்பதில்லை.

மருந்துப்பெட்டி எழுதியது:

தூங்குவதற்காகக் கொடுத்த மருந்தின் பெயர் தெரியுமா ஐயா? 1991-இல் மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளைத் தொகுத்தார். அந்தப் பட்டியலை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-இல்கூடப் புதுப்பித்தது. டயசிபாம் வகை மாத்திரைகளும், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகளும் அதில் உண்டு. மனக்குழப்பத்தை அடக்கக் கொடுக்கும் மருந்தே அதைக் கூட்டிவிடும்.

மருந்தாளுநராக என் மேசையில் அடிக்கடி பார்த்த ஒரு சங்கிலி: ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அதனால் கால் வீக்கம். வீக்கத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை. அதனால் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து ஓட்டம். இருட்டில் விழுகிறார். முறிந்த எலும்பைச் சரிசெய்து, அதே இரண்டு மருந்தோடு வலி மாத்திரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு சீட்டும் தனியாகப் பார்த்தால் சரி. மொத்தமாகப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

மனுவில் எழுதுங்கள்: 65 வயதைக் கடந்த ஒவ்வொரு நோயாளியின் மருந்துகளையும், சேரும் நாளிலும் போகும் நாளிலும், ஒரு மருந்தாளுநர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

தொலைவில் மகள் எழுதியது:

என் அப்பா அங்கே தனியாக வசிக்கிறார், நான் விமானத்தில் வரும் தூரத்தில் இருக்கிறேன். அவரை வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு டிஸ்சார்ஜ். கையில் ஒன்பது பக்கக் காகிதம். இருதயம் பலவீனம், தினமும் எடை பார்க்க வேண்டும் என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது. அப்பாவின் வீட்டில் எடை பார்க்கும் கருவியே இல்லை. எடை பார்க்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வீட்டில் கருவி இருக்கிறதா என்று கேட்டவரும் இல்லை. செவ்வாய்க்கிழமை மூச்சுத் திணறலோடு மீண்டும் அதே அவசரப் பிரிவு.

மறுநாள் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் போதும். 'எழுந்தீர்களா, மாத்திரை வாங்கினீர்களா, எடை எவ்வளவு?' வாரக் கடைசியில் எடை கூடியதைக் கண்டு மாத்திரையைக் கூட்டியிருப்பார்கள். ஒரு படுக்கை மிச்சமாகியிருக்கும் என்று அளவுகோல் ஐயா சொல்வார். என் அப்பா அந்த இரவு பயந்தது மிச்சமாகியிருக்கும் என்று நான் சொல்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

இப்போது பணியில் இருக்கும் செவிலி நான். இப்படியொரு குடியிருப்பின் மருத்துவமனைதான். மேலே எழுதிய எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று இரவு என்னிடம் ஒன்பது நோயாளிகள் இருந்தார்கள். எல்லோரையும் எழுப்பி நடக்கவைக்க என்னிடம் எத்தனை கை இருக்கிறது?

லிண்டா ஐகன் என்ற அமெரிக்கச் செவிலியர் துறை ஆய்வாளரின் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை நோயாளிகளில், ஒரு செவிலியின் பொறுப்பில் ஒருவர் கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. 60 படுக்கை கேட்கிறீர்கள். அவற்றுக்கு 24 மணி நேரமும் ஆள் வேண்டும். எங்கிருந்து வருவார்கள்?

ஏன் வருவதில்லை என்பதையும் சொல்கிறேன். நான் தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி பயணம் செய்கிறேன். குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ளவர்கள் உங்கள் குடியிருப்பில் வீடு வாங்க முடியாது. எனக்கு ஏழு வயது மகன். சுற்றிலும் உள்ள நிலமெல்லாம் உங்களுக்காகக் கட்டும் வீடுகளால் விலையேறிவிட்டது. பக்கத்தில் பள்ளி இல்லை, குழந்தை காப்பகமும் இல்லை. போன ஆண்டு எங்கள் வார்டில் ஆறு பேர் விலகினார்கள். எல்லோரும் நல்ல செவிலிகள், எல்லோரும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடிக்கொண்டார்கள்.

உங்களை நான் நோகச் சொல்லவில்லை. என் நோயாளிகளில் பாதிப் பேர் என் அம்மாவை நினைவூட்டுகிறார்கள். ஆனால் உங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் வாழ இடமில்லாத ஊரை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும்.

கல்தூண் எழுதியது:

இரவுப்பணி அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். சங்கத்தில் எட்டு ஆண்டாக இருக்கிறேன். செவிலியர் குடியிருப்பு என்ற சொல் எங்கள் கூட்டக் குறிப்புகளில் ஒரு முறைகூட வந்ததில்லை. குடியிருப்பு நிறுவனம் அடுத்த கட்டத்துக்கு அனுமதி கேட்டு வரும்போது, அந்த நிலத்தில் ஒரு பகுதியை மருத்துவமனைப் பணியாளர் வீடுகளுக்கும் ஒரு காப்பகத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்க முடியும். அனுமதி கொடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

படுக்கைக் கோரிக்கையை நான் கைவிடவில்லை, ஆனால் அதை மட்டும் வைத்து மனு எழுதியது என் தவறு. என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.

அளவுகோல் எழுதியது:

எண்களை வெளியிடச் சொல்லுங்கள். 'தரமான சிகிச்சை வேண்டும்' என்று எழுதினால் 'தருகிறோம்' என்று பதில் வரும்.

இடுப்பு எலும்பு முறிவை எடுத்துக்கொள்ளுங்கள், நம் வயதில் அடிக்கடி நடப்பது அது. பிரிட்டனில் 2007-இல் அதற்கென்றே தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்தது, முதியோர் மருத்துவர் பார்த்தாரா என்று பதிய வேண்டும். 2010 முதல் இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் கூடுதல் தொகை கொடுத்தார்கள். 30 நாளுக்குள் இறப்போர் 2007-இல் 10.9 சதவீதம், 2011-இல் 8.5 சதவீதம்.

நம் மருத்துவமனையிடம் நாலே எண் கேட்போம். வார்டில் இடம் கிடைக்க அவசரப் பிரிவில் காத்திருந்த நேரம். இடுப்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சைவரை ஆன நேரம். நடந்து வந்தவர்களில் நடந்து திரும்பியவர்கள் எத்தனை பேர். 30 நாளுக்குள் மீண்டும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண்ணை எங்குமே வெளியிட்டுப் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

பழைய வார்டு எழுதியது:

நான் இன்னொன்று சேர்க்கிறேன், இதை மனுவில் கேட்கக் கூடாது, நாமே கொடுக்க வேண்டும்.

இனோயேயின் முறையில் பெரும்பாலான வேலையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். நாளுக்கு மூன்று முறை வந்து பேசினார்கள், நடக்கத் துணை நின்றார்கள், சாப்பிட உதவினார்கள். தன்னார்வலர் கிடைக்காவிட்டால் இதை நடத்துவது கடினம். இங்கே? ஓய்வுபெற்ற செவிலி, ஆசிரியர், பொறியாளர் என்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறோம். எல்லோரிடமும் நேரம் இருக்கிறது. 80 வயதுக்காரரிடம் பேச 70 வயதுக்காரரைவிடப் பொருத்தமானவர் யார்?

கல்தூண் எழுதியது:

ஒரு பயம் இருக்கிறது அக்கா. நாம் இலவசமாக வேலை செய்தால், அதைக் காட்டி நிர்வாகம் செவிலியர் எண்ணிக்கையைக் குறைத்துவிடாதா?

பழைய வார்டு எழுதியது:

நியாயமான பயம். அதனால் தொடக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும். தன்னார்வலர் மருந்தைத் தொடமாட்டார், ஊசியைத் தொடமாட்டார், செவிலி சொல்லாமல் யாரையும் தூக்கமாட்டார். செவிலியர் பணியிடக் கணக்கில் தன்னார்வலர் ஒருபோதும் சேரமாட்டார். யாரிடம் போகலாம், யாரிடம் போகக் கூடாது என்று ஷிப்ட் செவிலிதான் தினமும் சொல்வார். இதற்கு நிர்வாகம் ஒப்பவில்லையென்றால் நான் போகமாட்டேன்.

இரவுப்பணி எழுதியது:

அப்படி ஒருவர் மாலை ஆறு மணிக்கு வந்து, 14-ஆம் படுக்கைப் பாட்டியின் காதுக்கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால்கூட, என் இரவு வேறு மாதிரி இருக்கும்.

வேலிப்பூ எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நானும் கல்தூண் ஐயாவும் பழைய வார்டு அம்மாவும் நிர்வாகத்தைச் சந்தித்தோம். படுக்கைகளைப் பற்றி 'பரிசீலிக்கிறோம்' என்றார்கள். எண்களை வெளியிடத் தயங்கினார்கள். காத்திருக்கும் நேரத்தை மட்டும் மாதந்தோறும் சங்கத்துக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். மருந்தாளுநர் சரிபார்ப்புக்கு ஆள் இல்லையாம், அதை விடப்போவதில்லை. பணியாளர் வீடுகள் பற்றிய மனு தனியாகப் போகிறது.

இரண்டு காரியம் உடனே நடந்தது. நர்சிங் கண்காணிப்பாளர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிளாஸ்டிக் பையைப் பற்றிச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டார். இப்போது அந்த வார்டில் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் மூடியில்லாத சிறு பெட்டி ஒன்று திருகி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி, காதுக்கருவி, பல் செட் அதில்தான். கை நீட்டினால் எட்டும். பழைய வார்டு அம்மா கேட்ட நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட்டு, ஒரே ஒரு வார்டில் ஆறு மாதம் தன்னார்வலரை அனுமதிக்கிறார்கள்.

என் மனைவி வாக்கரை வைத்துக்கொண்டு வாசல்வரை போகிறாள். இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தன்னார்வலர் பட்டியலில் தன் பெயரையும் எழுதச் சொன்னாள், உட்கார்ந்து பேசும் வேலைக்கு. இதுவரை ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம். மாலை நேரத்துக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும்.

பழைய வார்டு எழுதியது:

முதல் பயிற்சி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சங்கக் கூடத்தில். வழுக்காத செருப்பு போட்டு வாருங்கள், மோதிரம், வளையல் வேண்டாம். முதல் அரை மணி நேரம் கை கழுவுவது மட்டும்தான் சொல்லிக்கொடுப்பேன். தெரியும் என்று யாரும் நழுவ வேண்டாம், எல்லோரும் என் முன்னால் கழுவிக் காட்ட வேண்டும். சளி, இருமல் இருந்தால் அடுத்த வாரம் வாருங்கள்.

தொலைவில் மகள் எழுதியது:

அம்மா, தொலைவிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஏதாவது இருக்கிறதா? வீடு திரும்பியவர்களை மறுநாள் தொலைபேசியில் அழைக்கும் பொறுப்பை எனக்குத் தருவீர்களா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருப்பேன்.